எட்டில் ஐந்து போனால் மூடு

போன மாதம் உங்கள் ஆசிரியர் பயிற்சி முகாமில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேச்சு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, "மேடம், உங்க காலத்துல கணக்குச் சொல்லிக்கொடுக்க என்ன உபகரணம் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். "கிணற்றுக் கயிறு" என்றேன். அரங்கமே சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தக் கயிற்றைப் பற்றி நின்றபடி சொல்லி முடிக்க முடியாது என்பதால், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் திருவள்ளூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. இப்போது அங்கே போனால் புகைபோக்கியும் லாரியும்தான் கண்ணில் படும். அப்போது ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் எங்கள் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமை ஆசிரியருக்கு. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் எனக்கு.

பிள்ளைகள் கணக்கை ராகம் போட்டுப் பாடுவார்கள். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, ரெண்டும் ஒண்ணும் மூணு" என்று கேட்க அருமையாக இருக்கும். நடுவில் நிறுத்தி, "நாலும் ஒண்ணும் எவ்வளவுடா?" என்றால் மறுபடி முதலிலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். பாட்டு அங்கே வந்து சேரும்வரை நான் காத்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி புளியங்கொட்டை கொண்டுபோனேன். ஆளுக்கொரு பிடி கொடுத்து, எண்ணிப் பழகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். வறுத்துத் தின்றுவிட்டார்களாம். கழித்தல் பாடம் எனக்கு நடந்தது.

போதாததற்கு அந்த ரயில். ஒரு கூட்ஸ் வண்டி வந்தால் போதும், வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கும். கத்தினாலும் காதில் விழாது. ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, பிரம்பை எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அத்தனை பேரும் வாய்க்குள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லாமல், ராகம் இல்லாமல், ஒழுங்காக எண்ணினார்கள். இவர்களை ஜன்னலிலிருந்து பிடுங்கி வந்து நான் என்ன கணக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்று வெட்கமாகிவிட்டது.

அன்று மாலை பள்ளிக் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டேன். மறுநாள் கயிற்றுக்குள் பிள்ளைகள் நின்றார்கள். அதுதான் ரயில். முன்னால் நிற்பவன் எஞ்சின். பின்னால் ஒரு பிள்ளை கையில் வேப்பிலைக் கொத்தோடு கார்டு. வேப்பமரம் கவரப்பேட்டை, கிணற்றடி எளாவூர், கொடிக்கம்பம் ஆரம்பாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிலர் இறங்குவார்கள், சிலர் ஏறுவார்கள். வண்டியில் இப்போது எத்தனை பேர் என்று கார்டு சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பயணிகள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள், எஞ்சின் 'கூ' என்று ஊதும், வண்டி கிளம்பும். தப்பாகச் சொன்னால் வண்டி நகராது. இவ்வளவுதான் விளையாட்டு. தப்பைத் திருத்த நான் வாயே திறக்க வேண்டியதில்லை. வண்டி நின்றால் உள்ளே இருக்கும் பயணிகளே கார்டைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்; சத்தம் மட்டும் ஆகாது. ஓடி வந்தார். "இன்னா டீச்சர் இது, இஸ்கூலா ஸ்டேஷனா? கயித்த நீங்க ரயிலு வுட எடுத்துக்கினா, நான் தண்ணிய எத்தால சேந்தறது?"

"பத்து நிமிசம் கொடுங்க சார், வண்டி ஆரம்பாக்கம் போனதும் திருப்பிக் கட்டிடறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். தினமும் வந்து முணுமுணுப்பார். தினமும் கயிற்றைக் கொடுத்துவிடுவார்.

இனி மங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடமாக இருந்தாள். சவுக்கு வெட்டும் வேலைக்காக எல்லைக்கு அப்பாலிருந்து வந்து தோப்போரம் குடிசை போட்டிருந்த குடும்பம். பாட்டாகப் பாடும்போது மற்றவர்களோடு சேர்ந்து சொல்வாள். தனியாகக் கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். போன வருடமும் அப்படித்தானாம். தேர்வில் ஒரு வார்த்தை பேசாததால் அதே வகுப்பில் நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய அப்பா சுப்பையா ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, முடியெல்லாம் சவுக்கு இலை. "டீச்சரம்மா, இது ரெண்டு வருசமா ஒரே கிளாஸ்ல குந்திக்கினு கீது. இந்தத் தபாவும் பாஸ் ஆவலன்னா நிறுத்திடறேன். சின்னவனப் பாத்துக்குனு ஊட்ல இருக்கட்டும். அவங்கம்மா எங்கூட தோப்புக்கு வந்தா கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்."

"முழுப் பரீட்சை வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"பொறுக்கறேன். அன்னிக்கி நானே வர்றேன். பாஸா பெயிலான்னு சொல்லிடுங்க, அங்கியே முடிவு பண்ணிடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படிப்பு ஏறாத பிள்ளையை எத்தனை நாள் கட்டி இழுப்பது என்ற அலுப்பு அவர் பேச்சில் இருந்தது. அந்த அலுப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. கோபப்படுகிறவரிடம் மல்லுக்கு நிற்கலாம், அலுத்துப் போனவரிடம் என்ன செய்வது?

கார்டு வேலை முறை வைத்து நடந்தது. மங்கம்மாவின் முறை வந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "அவ வாணாம் டீச்சர்! அவுளுக்குக் கணக்கே வராது. வண்டி இங்கியே நின்னுக்கினு கெடக்கும்!"

"நின்னா நிக்கட்டும். அவசரமா எங்க போகணும் உங்களுக்கு?" என்று வேப்பிலைக் கொத்தை அவள் கையில் கொடுத்தேன்.

கவரப்பேட்டை வந்தது. வண்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் இறங்கினார்கள். எல்லோரும் கார்டைப் பார்த்தார்கள். மங்கம்மா இறங்கினவர்களைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு காற்று மாதிரி ஒரு சத்தத்தில், "மூடு" என்றாள்.

எஞ்சினாக நின்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். ஒருத்தி கண்ணை மூடினாள். இன்னொருவன், "எத்த மூடறது? கதவையா?" என்று கேட்டுவிட்டு, இல்லாத கதவை இழுத்துச் சாத்தினான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கார்டு கதவை மூடச் சொல்கிறாள், விளையாட்டில் எவ்வளவு ஒன்றிவிட்டாள் பார் என்று நினைத்துக்கொண்டேன். "சபாஷ், போகலாம் ரைட்" என்று நானே வண்டியை அனுப்பினேன்.

எளாவூரில் நான்கு பேர் ஏறினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "ஏடு."

"இன்னா ஏடு? பாலேடா?" என்றான் எஞ்சின். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். அப்போது அவள் விரல்கள் கண்ணில் பட்டன. பாவாடை மடிப்பில் ஒரு கை முழுதாக விரிந்திருந்தது. மறு கையில் இரண்டு விரல்கள் நீட்டியிருந்தன. வண்டியில் நின்றவர்களை எண்ணினேன். ஏழு பேர்.

சட்டென்று பால்காரம்மா நினைவுக்கு வந்தாள். காலையில் எனக்குப் பால் ஊற்றும்போது ஒவ்வொரு ஆழாக்காகச் சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்: "ஒகட்டி, ரெண்டு, மூடு..." அதுவரை எனக்கு அந்த ஊர்த் தெலுங்கில் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்கு நைனா, பணத்துக்கு டப்பு இரண்டும்தான். பால்காரம்மா சொல்வதை நான் தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொண்டு பாத்திரத்தை மூடிக்கொண்டு போயிருக்கிறேன். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. ஏடு என்றால் ஏழு. இந்தப் பெண் இரண்டு கணக்கையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மீதிக் கதையைச் சொன்னாள். "போன வருசம் இருந்த சாரு, 'ரெண்டும் ஒண்ணும் எவ்ளோ'ன்னு கேட்டாரு டீச்சர். இவ 'மூடு'ன்னா. 'என்னையே மூடச் சொல்றியா'ன்னு சாரு அவள வெளிய நிக்க வெச்சிட்டாரு. அப்பால இவ பேசறதே இல்ல." அந்த சார் மாற்றலாகிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வேறு எந்த ஊரிலும் அவருக்கு இந்தத் தப்பு நேர்ந்திருக்காது. ஆனால் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விட்டது.

தோழிகளே, தம்பிகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மங்கம்மாவுக்குத் தமிழில் எண்ணத் தெரியாது என்றில்லை. பாட்டில் ஒண்ணு ரெண்டு மூணு அழகாகச் சொல்வாள். தானாகக் கணக்குப் போடும்போது மட்டும் வீட்டுப் பேச்சில்தான் போடுவாள். நாம் எல்லோரும் அப்படித்தான். நீங்கள் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கியிருந்தாலும், கடைக்காரன் மீதிச் சில்லறை கொடுக்கும்போது உங்கள் உதடு எந்தப் பேச்சில் அசைகிறது என்று கவனித்துப் பாருங்கள். சரியான விடை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். அதனால்தான், பிள்ளை சொல்வது புரியாவிட்டால் "தப்பு" என்று சொல்லாதீர்கள், "காட்டு" என்று சொல்லுங்கள் என்று நாற்பது வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே விளையாட்டுக்கு ஒரு சட்டம் சேர்த்தேன். இது எல்லையில் ஓடுகிற வண்டி. கார்டு எந்த பாஷையிலும் சொல்லலாம். பயணிகள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். மங்கம்மா "மூடு" என்பாள், வண்டி மொத்தமும் "மூணூ!" என்று கத்தும், எஞ்சின் ஊதும். அப்படியே அவள் காதில் தமிழும் ஏறிக்கொண்டிருந்தது. நாலே நாளில் அவள் கார்டாக இருக்கும் வண்டியில் ஏறத்தான் போட்டி. காரணம், அவள் வண்டிதான் நிற்காமல் ஓடும்.

இதில் ஒரு பேஜாரும் வந்தது. ஒரு பையனின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னா டீச்சர் கத்துக்குடுக்கிறீங்க? தோச சுட்டுக்கினு கீறேன், 'யம்மா, மூடு'ன்றான். நானும் கல்ல மூடிட்டேன். 'அத்த மூடாத, மூடு தோச குடு'ன்னு கத்தறான். எனக்குப் பைத்தியமே புடிச்சிடுச்சு!" நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அப்ப நாலுக்கு இன்னா சொல்லுவாங்க? அதயும் தெரிஞ்சி வெச்சிக்கறேன்" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பயமில்லாத நேரத்தில் மங்கம்மா தமிழிலேயே சொன்னாள். யாராவது முறைத்துப் பார்த்தால் போச்சு. ஒன்று தெலுங்கு வரும், இல்லையென்றால் பழையபடி வாயை இறுக்கிக்கொள்வாள். முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே பள்ளிகளைச் சோதிக்கும் டெபுடி இன்ஸ்பெக்டரும் வருகிறார் என்று தகவல் வந்தது.

தலைமை ஆசிரியரிடம் போனேன். "மங்கம்மாவுக்கு நல்லா கணக்கு வருது சார். தெலுங்குல சொல்றா, அவ்வளவுதான்."

"வந்தா போதுமா டீச்சர்? டெபுடி தெக்கத்தி ஆளு. தெலுங்கு சுத்தமா தெரியாது. அவர் மூஞ்சியப் பாத்து இவ 'மூடு'ன்னா, எம் பொழப்பயும் சேத்து மூடிட்டுப் போய்டுவாரு. கடைசி வரிசைல ஒக்கார வைங்க, வாயே தொறக்க வாணாம்னு சொல்லுங்க. அன்னிக்கி மட்டும் ரயிலு, கயிறு, ஒண்ணும் வாணாம்." அவர் பயம் அவருக்கு. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர்.

வாயே திறக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? இத்தனை மாதம் பாடுபட்டதே அதைத் திறக்கத்தானே. நான் சொல்லவில்லை.

பரீட்சை அன்று பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் சிரிக்காத முகம், தடித்த கண்ணாடி. பாட்டைக் கேட்டார், தலையாட்டினார். பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே சுப்பையா வந்து நின்றார். தோப்பிலிருந்து பாதி வேலையில் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"கடைசியில் இருக்கிற பொண்ணு" என்றார் டெபுடி.

தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "அது கொஞ்சம் மந்தம் சார்."

"அதை நான் பார்த்துக்கிறேன். எழுந்திரும்மா. எட்டுல அஞ்சு போனா எத்தனை?"

மங்கம்மா எழுந்தாள். என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். பாவாடை மடிப்பில் விரல்கள் அசைந்தன. கணக்குப் போட்டுவிட்டாள், சொல் மட்டும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் கண்ணை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"மூடு."

டெபுடி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னே?"

அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தெளிவாக, உரக்கச் சொன்னாள். "மூடு!"

தலைமை ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஜன்னலில் சுப்பையாவின் முகம் மாறியது. மகள் சொன்னது சரி என்று தலைமை ஆசிரியருக்கும் எனக்கும் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரியும். அவர் உள்ளே வந்து பேச முடியாது.

நான் பேசலாம். 'சார், அவள் தெலுங்கில் சொல்கிறாள்' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நான் சொன்னால் அவர் என்னைப் பார்ப்பார். நான் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவள் இத்தனை கஷ்டப்பட்டு வாய் திறந்து சொன்ன விடை, டீச்சர் சப்பைக்கட்டுக் கட்டிய விடையாகிவிடும். இதையெல்லாம் அப்போது இப்படி வரிசையாக யோசித்தேன் என்று புளுக மாட்டேன். நான் அதிகாரியின் பக்கம் திரும்பாமல் வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

"கார்டு சொல்லிட்டாங்க. வண்டி ஏன் நிக்குது?"

கட்டிய கைகள் அவிழ்ந்தன. "மூணூ!" என்று ஓடு பறக்கிற மாதிரி அறை அலறியது. எஞ்சின் பையன் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து ஒரு 'கூ' போட்டான். டெபுடியின் பேனா கீழே விழுந்தது.

பேனாவை அவரே குனிந்து எடுத்தார். "என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார். இப்போது சொன்னேன். கயிறு, ஸ்டேஷன், எல்லையில் ஓடும் வண்டி, தெலுங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைமை ஆசிரியர் சுவரோடு சுவராக நின்றார்.

டெபுடி மங்கம்மாவைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். "ஏழு பேர் இருக்கிற வண்டியில மூணு பேர் ஏறினா?"

விரலைக்கூட மடக்கவில்லை அவள். "பதி."

டெபுடி புருவத்தைத் தூக்கினார். "பதியவா? என்ன பதியறது?"

"பத்துன்னு சொல்றா சார். தெலுங்குல பத்துக்குப் பதி" என்றேன்.

"அப்படியா? எனக்குத் தமிழாத்தான் கேட்டுது." பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தச் சிரிக்காத முகத்தில் ஒரு பக்க உதடு மட்டும் மேலே போனது. "கார்டு உத்தரவு போட்ட பிறகு நான் என்ன செய்யறது? பதிஞ்சிடறேன் தாயி." எழுதினார். தேர்ச்சி என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி முந்தானையை எடுத்துக்கொண்டேன்.

அவர் போனதும் வெளியே வந்தேன். மங்கம்மா எனக்கு முன்னால் ஓடி, "நைனா!" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பாஸா பெயிலா என்று அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் தலையில் ஒட்டியிருந்த சுவர்ச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

பிறகு என்னிடம் கேட்டார். "லீவு வுட்டுட்டு, மறுபடி இஸ்கூலு எப்ப தொறப்பீங்க டீச்சரம்மா?"